ரூபாய் சரிவதில் நமக்கென்ன மகிழ்ச்சி?



2025 டிசம்பர் 3 அன்று ஒரு அமெரிக்க டாலரின் விலை 90 ரூபாயைக் கடந்தது. அன்று தொட்டு நம் மஹல்லாக்களில் ஒரு பேச்சு உலவுகிறது. ஜுமுஆ முடிந்து கலையும் வேளையிலும், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் அதே பேச்சுதான். திர்ஹம் அப்போது 24 ரூபாய் 50 காசைத் தொட்டதாம். இப்போது அனுப்புகிறவருக்கு நல்ல ஆதாயமாம். இன்னும் சற்று இறங்கட்டும் என்று சிலர் பணத்தை அனுப்பாமல் காத்திருக்கிறார்களாம். நாட்டின் நாணயம் வீழ்வதைப் பிறை பார்ப்பது போல எதிர்பார்த்து மகிழும் வழக்கம் நம்மிடையே வேரூன்றி வருகிறது.

இந்த மகிழ்ச்சி கணக்கிலும் பிழையானது, அறத்திலும் பிழையானது என்பதே நமது வாதம். நாணய மதிப்பு சரிவதும், சுங்கவரி உயர்வதும் யாரையும் கேட்காமல் வசூலிக்கப்படும் வரிகள். அவற்றைச் செலுத்துகிறவர் ரூபாயைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாதவர். அவர் நம் அண்டை வீட்டில்தான் இருக்கிறார். பல வேளைகளில் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

மதிப்பிறக்கமும் மதிப்புச் சரிவும்

இரண்டையும் பிரித்தறிவது நலம். அரசே ஒரு நாளைக் குறித்து, இன்று முதல் நம் நாணயத்தின் மதிப்பு இவ்வளவுதான் என்று அறிவிப்பது மதிப்பிறக்கம். சந்தையில் டாலரைத் தேடுவோர் மிகுந்து, ரூபாயின் விலை நாளுக்கு நாள் தேய்வது மதிப்புச் சரிவு. 1993 மார்ச் முதல் ரூபாயின் விலையைச் சந்தையே தீர்மானிக்கிறது. தேவைப்படும்போது ரிசர்வ் வங்கி டாலரை விற்றோ வாங்கியோ தலையிடுகிறது. பெயர்கள் வேறானாலும் அடுப்படியில் இரண்டும் ஒன்றுதான்.

நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதி. பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. தாமிரபரணிக் கரையில் பிசானம் பயிரிடும் உழவர் வயலுக்கு இடும் பொட்டாஷ் முழுவதும் கப்பலில் வந்ததே. இவை எல்லாவற்றுக்கும் விலை டாலரில்தான் கொடுக்கப்படுகிறது. டாலர் 85 ரூபாயிலிருந்து 90 ரூபாயானால் இவற்றின் அடக்கவிலை அந்த அளவுக்கு ஏறுகிறது. அரசு மானியம் கொடுத்துச் சிறிது காலம் தாங்கலாம். மானியமும் மக்கள் பணமே.

இதற்கென எந்தச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வாக்கெடுப்பு நடப்பதில்லை; ரசீதும் கிடையாது. பத்தமடையில் பாய் நெய்கிறவரும், மேலப்பாளையத்தில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பெண்ணும், பள்ளிவாசலின் மோதினாரும் மாதாமாதம் இந்த வரியைக் கட்டுகிறார்கள்.

ஆதாயம் என்னும் கணக்கு

வளைகுடாவில் சம்பாதிக்கும் சகோதரர் மாதம் 2,000 திர்ஹம் அனுப்புகிறார் என்று கொள்வோம். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்பது 1997 முதல் மாறாத விகிதம். 2025 தொடக்கத்தில் அவருடைய 2,000 திர்ஹம் ஏறத்தாழ 46,600 ரூபாயாக இருந்தது. டிசம்பரில் அது 49,000. கூடுதலாக 2,400 ரூபாய். கண்ணுக்குத் தெரிகிற இந்தத் தொகைதான் மகிழ்ச்சிக்குக் காரணம்.

கணக்கைச் சற்றுப் பின்னோக்கி நீட்டுவோம். 2014 மே மாத இறுதியில் ஒரு டாலர் சுமார் 59 ரூபாய். அதே 2,000 திர்ஹம் அன்று 32,000 ரூபாய். அன்று ஒரு சவரன் தங்கம் இருபதாயிரம் ரூபாயைச் சற்றே கடந்திருந்தது. 32,000 ரூபாய்க்கு ஒன்றரைச் சவரன் கிடைத்தது. 2025 டிசம்பரில் 49,000 ரூபாய்க்கு அரைச் சவரன்தான் கிடைத்தது. ஏனெனில் அப்போது சவரன் 90 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. தங்கம் உலகெங்கும் ஏறியிருக்கிறது. முழுப்பழியும் ரூபாயின் மீது விழாது. எனினும் ரூபாயில் எண்ணும்போது வருமானம் ஒன்றரை மடங்காகியிருக்கிறது, வாங்கும் பொருள் சுருங்கியிருக்கிறது. மனைக்கட்டின் விலையையும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தையும், ஹஜ் செலவையும் வைத்து இதே கணக்கை ஒவ்வொரு குடும்பமும் போட்டுப் பார்க்கட்டும். ஹஜ் செலவின் பெரும்பகுதி ரியாலில் கொடுக்கப்படுவது. ரூபாய் இறங்கினால் அது தானே ஏறும்.

இன்னொன்று. சரிவின் ஆதாயம், சம்பாதிப்பவர் கடலுக்கு அப்பால் இருக்கும்வரைதான். வேலை முடிந்து ஊர் திரும்பிய நாளிலிருந்து அவரும் ரூபாய்க்காரர். இருபது ஆண்டு உழைத்து வங்கியில் சேர்த்த ரூபாய், அவர் முதுமையில் அவர் கண்ணெதிரே தேய்கிறது. பத்தாண்டுகளாக எந்தச் சரிவைக் கொண்டாடினாரோ அந்தச் சரிவே அவருடைய சேமிப்பைத் தின்கிறது.

"ஏற்றுமதி பெருகும்" என்போருக்கு

கற்றறிந்தோர் சிலர் வேறு வாதம் வைக்கின்றனர். நாணயம் மலிந்தால் நம் பொருள்கள் வெளிநாட்டில் மலிவாகும், ஏற்றுமதி பெருகும், வேலை பெருகும் என்கின்றனர். இது பொய்யன்று, ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஏற்றுமதிப் பொருளின் மூலப்பொருள் உள்நாட்டில் கிடைக்க வேண்டும். வாங்குகிற நாடு கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். உள்நாட்டில் உணவு விலை கட்டுக்குள் இருக்க வேண்டும். இவை இல்லாதபோது நேர்ந்ததை நம் நாட்டு வரலாறே சொல்கிறது.

1966 ஜூன் 6 அன்று இந்திரா காந்தியின் அரசு, டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்த மதிப்பை 7 ரூபாய் 50 காசாக மாற்றியது. வெளிநாட்டு உதவி தருவோரின் அழுத்தம் அதன் பின்னால் இருந்தது. காங்கிரஸ் தலைவராயிருந்த காமராஜர் அம்முடிவை எதிர்த்தார். அடுத்தடுத்து இரு ஆண்டுகள் மழை பொய்த்திருந்த காலம் அது. விற்பதற்கு விளைச்சல் இல்லாத நாட்டில் நாணயத்தை மலிவாக்கியதால் ஏற்றுமதி எதிர்பார்த்தபடி பெருகவில்லை. விலைவாசி மட்டும் ஏறியது. 1967இல் சென்னை மாகாணத்தில் ஆட்சியே மாறியது. அத்தேர்தலின் மையப்பொருள் அரிசி என்பதை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

1991இன் கதை நம் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1990 ஆகஸ்டில் இராக் குவைத்தைக் கைப்பற்றியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் வேலையை விட்டு, வெறுங்கையோடு, விமானத்தில் ஊர் திரும்பினர். எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாப் பணம் குறைந்தது. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை வந்தது. ரிசர்வ் வங்கியின் தங்கம் ஏறத்தாழ 47 டன் வெளிநாட்டு வங்கிகளில் அடகு வைக்கப்பட்டது. 1991 ஜூலை 1, 3 ஆகிய இரு நாள்களில் ரூபாயின் மதிப்பு மொத்தம் சுமார் 18 விழுக்காடு இறக்கப்பட்டது. அதன்பின் ஏற்றுமதி வளர்ந்தது உண்மை. தொழில் உரிமங்களும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் தளர்த்தப்பட்டு, உலகச் சந்தையும் திறந்திருந்ததால் வளர்ந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது வேறு. வளைகுடா வேலையும் ரூபாயும் ஒரே நேரத்தில் வீழ்ந்தன. ரூபாய் இறங்கினால் நமக்குத் திர்ஹம் இருக்கிறது என்ற நம்பிக்கை, திர்ஹம் நின்றுபோன ஆண்டில் எவரையும் காக்கவில்லை.

கொழும்பில் உறவும் வணிகமும் கொண்ட காயல்பட்டினத்தாருக்கு 2022ஐ நாம் விளக்க வேண்டியதில்லை. மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 அளவில் இருந்த இலங்கை ரூபாய், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை, முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 95 விழுக்காடு கூடியிருந்தது. வெளிநாட்டில் மகன் இருந்த வீடு தாங்கிக்கொண்டது. இல்லாத வீடு ஒரு வேளை உணவைக் குறைத்தது.

கங்கைகொண்டானில் இரண்டு மதில்கள்

சுங்கவரியைப் பற்றிப் பேச நமக்குத் தொலைதூரம் போகத் தேவையில்லை. நாம் வாழும் கங்கைகொண்டானின் சிப்காட் வளாகத்திலேயே அதன் இரு முகங்களும் தெரிகின்றன.

ஒரு புறம் டாடா பவர் குழுமத்தின் சூரிய மின்தகடுத் தொழிற்சாலை. ஆண்டுக்கு 4.3 ஜிகாவாட் திறனுள்ள மின்கலங்களும் தகடுகளும் செய்யும் இந்த ஆலையை 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். பணியாளருள் பெரும்பாலோர் பெண்கள். இத்தகைய ஆலைகள் நம் நாட்டில் எழுந்ததற்கு ஒரு முதன்மைக் காரணம் சுங்க மதில். வெளிநாட்டிலிருந்து வரும் தகடுகளுக்கு 40 விழுக்காடும், மின்கலங்களுக்கு 25 விழுக்காடும் 2022 ஏப்ரல் முதல் இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. அம்மதிலின் நிழலில் நம் ஊர்ப் பெண்களுக்கு வேலை கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். அதே மதிலின் விலையை மாடியில் தகடு பதிக்கும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் கொடுக்கிறார். மின்கலம் செய்யத் தேவையான சிலிக்கான் வில்லைகளோ இன்றும் பெரும்பாலும் சீனத்திலிருந்து வருகின்றன. ரூபாய் சரிந்தால் அவற்றின் அடக்கவிலையும் ஏறும்.

மறு புறம், யோகஹாமா நிறுவனத்துக்குச் சொந்தமான ஏ.டி.சி. டயர் ஆலை. டிராக்டர்களுக்கும் வனத்துறை, கட்டுமான எந்திரங்களுக்குமான கனரக டயர்களைச் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புவது அதன் தொழில். அதன் முன்னால் நிற்பது பிறர் கட்டும் மதில். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 25 விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. இரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சேர்த்தது. ஆக அப்போது 50.

இந்த ஐம்பதை ரூபாய்ச் சரிவு ஈடுகட்டிவிடும் என்று எழுதுவோர் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கவில்லை. ஆம்பூரில் செய்த ஓர் இணைக் காலணி 20 டாலருக்கு அமெரிக்கா சென்றதாகக் கொள்வோம். டாலர் 85 ரூபாய் 60 காசாக இருந்தபோது ஆலைக்குக் கிடைத்தது 1,712 ரூபாய். டாலர் 90 ஆனபின் அதே 1,712 ரூபாய் பெற, ஏறத்தாழ 19 டாலருக்கு விற்றால் போதும். அதன் மீது 50 விழுக்காடு வரி ஏறினால் விலை 28 டாலர் 50 சென்ட். வாங்குகிறவர் 20 கொடுத்த இடத்தில் 28.50 கொடுக்க வேண்டும். வியட்நாமிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ வரும் பொருளுக்கு அன்று இருந்த வரி சுமார் 20 விழுக்காடுதான். ஐந்து விழுக்காட்டுச் சரிவு ஐம்பது விழுக்காட்டு மதிலுக்கு ஏணியாகாது.

வரியை அமெரிக்கத் துறைமுகத்தில் கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர். அவர் அதை அப்படியே தாங்குவதில்லை. பாதியை நீ குறைத்துக்கொள் என்று இங்குள்ள ஏற்றுமதியாளரிடம் பேரம் பேசுகிறார். ஏற்றுமதியாளர் மிகுதிநேர வேலையை நிறுத்துகிறார். பிறகு ஒப்பந்தத் தொழிலாளரை நிறுத்துகிறார். பின்னலாடையில் மூன்றில் ஒரு பங்கை அமெரிக்காவுக்கு அனுப்பிவந்த திருப்பூரிலும், நம் சமுதாயத்தார் தலைமுறைகளாகத் தோல் தொழில் நடத்தும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டிலும், தூத்துக்குடியின் இறால் பதனிடும் கூடங்களிலும் பாரம் இவ்வாறே கீழிறங்கும். வாஷிங்டனில் இடப்பட்ட கையொப்பத்தின் கடைசித் தவணையைக் கட்டுபவர், நாள்கூலிக்குத் தோல் சீவுகிறவர்.

நம் அரசின் மதிலும் அப்படித்தான். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படை இறக்குமதி வரி சுழியத்திலிருந்து 20 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. எண்ணெய்வித்து உழவரைக் காப்பது நோக்கம் என்றனர், நோக்கம் நல்லதே. விலை ஏறியபின், 2025 மே இறுதியில் அது 10 ஆகக் குறைக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் பெருநாளும் வந்தது, கல்யாணங்களும் வந்தன; ஒவ்வொரு சட்டி எண்ணெயிலும் அந்த வரி கொதித்தது.

சுங்கவரியே கூடாது என்பது நம் வாதமன்று. புதிதாய் முளைக்கும் தொழிலுக்குச் சில காலம் வேலி தேவைப்படலாம். யாரைக் காக்க இவ்வேலி, எத்தனை ஆண்டுக்கு, அதன் செலவை யார் தாங்குகிறார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லாமல் வேலி கட்டுவது அநீதி என்கிறோம்.

மக்ரீஸி கண்ட எகிப்து

நாணயம் கெடும்போது யார் கெடுகிறார் என்பதை நம் அறிஞர் ஒருவர் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துள்ளார். கெய்ரோவில் சந்தைகளைக் கண்காணிக்கும் முஹ்தசிபாகப் பணியாற்றிய அல்மக்ரீஸி, ஹிஜ்ரி 808 அளவில், எகிப்தின் பஞ்சத்தையும் விலையேற்றத்தையும் பற்றித் தனி நூல் எழுதினார். நைல் நதி பொய்த்ததோடு அவர் நிறுத்தவில்லை. பதவிகள் இலஞ்சத்துக்கு விற்கப்பட்டதையும், நிலக்குத்தகை ஏறியதையும், வெள்ளிக்காசு மறைந்து ஃபுலூஸ் எனும் செப்புக்காசு வரம்பின்றிப் பெருகியதையும் காரணங்களாக வைத்தார். மக்களை ஏழு பிரிவினராகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் என்ன நேர்ந்தது என்று எழுதினார். நிலையான உதவித்தொகையை நம்பி வாழ்ந்த மார்க்க அறிஞர்களும் மாணவர்களும் நசுங்கியோர் பட்டியலில் இருந்தனர்.

அளவையிலும் நிறுவையிலும் குறை வைப்போருக்கென ஓர் அத்தியாயமே திருக்குர்ஆனில் உண்டு. நாணயமும் ஓர் அளவைதான். உழைப்பையும் கடனையும் மஹரையும் நாம் அதனால்தான் அளக்கிறோம். படியின் அடியில் மெழுகு ஒட்டியவனைக் கண்டிக்கும் நாம், படியே சுருங்கும்போது நமக்கு இரண்டு மணி கூடக் கிடைத்தது என்று மகிழலாமா?

நம் கையில் உள்ளவை

டாலரின் விலையை நாம் தீர்மானிக்க முடியாது. நம் வீட்டிலும் ஜமாஅத்திலும் நாம் தீர்மானிக்கக் கூடியவை உள்ளன.

முதலாவது மஹர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நிகாஹ் தஃப்தரில் 1,001 ரூபாய் என்று எழுதி, கொடுக்காமல் நிலுவையில் வைத்தவர் உண்டு. இன்று அத்தொகையை நீட்டினால் அது ஒரு வாரக் காய்கறிக்குக் காணாது. மஹரை உடனே கொடுத்துவிடுவது சிறந்தது. நிலுவை வைப்பதாயின் தங்கத்தின் எடையில் எழுதுங்கள். பெண்ணின் உரிமையை ரிசர்வ் வங்கியின் விகிதத்துக்குப் பணயம் வைக்காதீர்கள்.

இரண்டாவது கைமாற்று. வாங்கிய நாணயம் மதிப்பிழந்தால் எண்ணிக்கையைத் திருப்புவதா, மதிப்பைத் திருப்புவதா என்ற விவாதம் பழையது. ஃபுலூஸ் விஷயத்தில் இமாம் அபூயூசுஃப் மதிப்பைக் கணக்கிடச் சொன்னார். இப்னு ஆபிதீன் இது குறித்துத் தனி ஆய்வே எழுதினார். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் பேரவை, கடனை அதே எண்ணிக்கையில் திருப்புவதே முறை என்று முடிவு செய்தது. வட்டியின் வாசலை அடைக்கும் அம்முடிவை மதிப்போம். ஆகவே நீண்டகாலக் கடனாயின் தொடக்கத்திலேயே தங்கமாகக் கொடுத்து அதே எடையில் தங்கமாகப் பெறலாம். ரூபாயில் வாங்கியவர், எவ்வித நிபந்தனையும் இன்றித் தம் மனமுவந்து சற்றுக் கூட்டிக் கொடுப்பது அழகிய நடத்தை.

மூன்றாவது ஜமாஅத். பேஷ் இமாம், மோதினார், மக்தப் உஸ்தாத் ஆகியோரின் ஊதியத்தையும், பைத்துல்மாலிலிருந்து கைம்பெண்களுக்கு வழங்கும் மாதத் தொகையையும் ஆண்டுதோறும் விலைவாசியோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நாமும் அவ்வரிசையில் நிற்பவரே. அதனால் இக்கோரிக்கை பொய்யாகிவிடாது. மினாராவுக்கு வெளிநாட்டுப் பணம் வந்து, அதன் கீழே பாங்கு சொல்கிறவரின் சம்பளம் ஐந்தாண்டாக அசையாமல் கிடக்குமாயின், அந்தச் சரிவை நிகழ்த்தியது டாலரன்று, நாம்.

நான்காவது, வளைகுடாக் குடும்பங்கள். உங்கள் உழைப்பின் பலன் உங்களுக்கு ஹலால்; அதில் ஐயமில்லை. ஆயினும் விகிதம் ஏறியதால் வந்த 2,400 ரூபாய் உங்கள் உழைப்பு கூடியதால் வந்ததன்று. அதில் ஒரு பங்கை, அதே விகிதத்தால் இழந்தவருக்குக் கொடுங்கள். வீட்டுவேலை செய்யும் அம்மாவின் கூலியை உயர்த்துங்கள். ஊரில் இருக்கும் தாய் தந்தையருக்கு அனுப்பும் தொகையைப் பழைய எண்ணிக்கையிலேயே நிறுத்தி, மீதியை மனைக்கட்டில் போடாதீர்கள்.

ஐந்தாவது, வாக்கு. நம் ஊர்க் கூட்டங்களில் வேட்பாளரிடம் சாலையும் சாக்கடையும் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். எண்ணெய் வரி ஏன் ஏறியது, சிப்காட்டில் ஆணை குறைந்தால் ஒப்பந்தத் தொழிலாளருக்கு என்ன பாதுகாப்பு என்றும் கேளுங்கள். கேட்காத இடத்தில்தான் ரசீது இல்லாத வரி விளைகிறது.

நாளை டாலர் இறங்கலாம், ஏறலாம். அமெரிக்க மதில் தாழலாம், மீண்டும் உயரலாம். திர்ஹமின் விலையைக் கேட்டறிந்த அதே நாவால், நம் தெருவில் ரூபாயில் மட்டும் வாழ்கிறவர் இம்மாதம் எப்படிச் சமாளித்தார் என்றும் ஒருமுறை கேட்போம். அக்கேள்வியிலிருந்து தொடங்கும் கணக்கே மறுமையில் நமக்குக் கைகொடுக்கும், இன்ஷா அல்லாஹ்.